மஞ்சள் வில்லை

கருவுற்ற பெண்ணொருத்தியிடம் "உனக்கு அபாயம் அதிகம்" என்று கூறிவிடுதல் எளிது. அவ்வபாயம் யாது, எத்துணை அளவினது, அதனைத் தடுக்கும் வழி என்ன, வழிகள் இரண்டிருப்பின் அவற்றுள் எதனைக் கொள்ளலாம் என்று அவளோடு அமர்ந்து எடுத்துரைத்தலோ அருமையாகவே இருந்துவருகின்றது. முன்னதை மட்டும் கேட்ட பெண் அச்சத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறாள். பின்னதையும் கேட்டவள் தன் நிலையை அறிந்து திரும்புகிறாள். இவ்விரு நிலைகளையும் என் மகளிடத்திலேயே, மூன்றாண்டு இடைவெளியில், கண்டேன். ஆகலின் அதுபற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். தாய்மார்களும், அவர்களினும் மேலாகத் தந்தைமார்களும் இதனைப் படித்தல் வேண்டும் என்பது என் அவா.

இந்நாட்டு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் கருப்பவதிகளுக்கு இளஞ்சிவப்பு நிறக் குறிப்பேடு ஒன்று வழங்கப்படுவதை மலேசிய நேயர்கள் அறிவர். எடை, இரத்த அழுத்தம், சிறுநீர்ச் சோதனை, இரத்தச் சோதனை, வயிற்றின் வளர்ச்சி ஆகிய யாவும் அதில் நாள் வாரியாகக் குறிக்கப்படும். அவ்வேட்டின்மீது நிறவில்லை ஒன்றும் ஒட்டப்படும். சிக்கல் எதுவும் காணாதவளுக்கு வெள்ளை. தாதியரின் கவனிப்பே அவளுக்குப் போதும். நிலையத்து டாக்டரும் பார்த்துவர வேண்டியவளுக்குப் பச்சை. நிபுணரிடம் அனுப்பப்பட வேண்டியவளுக்கு மஞ்சள். தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட வேண்டியவளுக்குச் சிவப்பு. ஒவ்வொரு வருகையிலும் நிலைமை ஆராயப்பட்டு, வேண்டுமாயின் நிறம் மாற்றப்படும். எந்த ஊரில் எந்தத் தாதி அவ்வேட்டைக் கையில் எடுத்தாலும் ஒரு நொடியில் நிலைமையை உணர்தற்கேற்ற எளிய ஏற்பாடு இது.

என் மகள் 2019ஆம் ஆண்டில் இரண்டாம் முறை கருவுற்றாள். முதற் பிள்ளை வயிற்றை அறுத்து எடுக்கப்பட்டமையால், தொடக்கத்திலேயே அவள் ஏட்டில் பச்சை வில்லை ஏறியது. ஏழாம் மாதத்தில் இனிப்பு நீர் கண்டு, அதற்கு ஊசிமருந்தும் வேண்டியதாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. "மஞ்சள் மங்கலமான நிறமாயிற்றே, அத்தை" என்று மாப்பிள்ளை வேடிக்கையாகச் சொன்னார். வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பம் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பம். என் தாயார் எண்மரைப் பெற்றார், ஐவரே பிழைத்தோம். அவருடைய தங்கை, என் சின்னம்மாள், 1954ஆம் ஆண்டில் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு முன்னரே மாண்டார். எட்டாம் மாதத்தில் அவருக்குக் கால் வீங்கிற்று, முகமும் வீங்கிற்று. தலை பிளப்பதுபோல் நொந்தது. கண் மங்குகிறது என்றார். மூன்றாம் நாள் இரவு கை கால் வெட்டி இழுத்தது. பேய் பிடித்தது என்றனர், பூசாரி வந்தார், வேப்பிலை வந்தது. விடிவதற்குள் தாயும் சேயும் போயினர்.

அது பேயன்று, கருக்காலத்தில் இரத்த அழுத்தம் ஏறுவதால் வரும் வலிப்பு. புயத்தில் ஒரு பட்டையைக் கட்டி அழுத்தத்தை அளந்து, சிறுநீரில் புரதம் உண்டா என்று பார்த்திருப்பின், வலிப்பு வருவதற்கு முன்னரே அதன் வரவு தெரிந்திருக்கும். மேல் அளவு 140ஐயோ கீழ் அளவு 90ஐயோ எட்டினாலே இன்று தாதியர் விழிப்படைகின்றனர். இத்தொல்லைக்கு ஆளாகக்கூடியவள் என்று முன்னரே தெரிந்தால், மூன்றாம் மாத முடிவிலிருந்தே சிற்றளவு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்துவருகின்றனர். வலிப்புக் கண்டாலும் மக்னீசியம் சல்பேட் என்னும் மலிவான மருந்து உயிரைக் காக்கின்றது. என் சின்னம்மாளுக்கு இவற்றுள் ஒன்றேனும் கிட்டவில்லை.

இஃது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 1950ஆம் ஆண்டளவில் மலாயாவில் ஒரு லட்சம் பிள்ளைப்பேற்றுக்கு ஐந்நூறு தாய்மார்க்கு மேல் மாண்டனர். இந்நூற்றாண்டு பிறந்தபோது அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. இம்மாற்றத்தைச் செய்தவை மந்திரமும் நேர்த்திக்கடனும் அல்ல; ஊர்தோறும் வந்த மருத்துவச்சி நிலையங்கள், பயிற்சி பெற்ற தாதியர், சாலை, இரத்த வங்கி, 1991 முதல் ஒவ்வொரு தாயின் சாவையும் "ஏன் நேர்ந்தது?" என்று ஆராய்ந்துவரும் விசாரணை முறை ஆகிய இவையே. ஆகவே, "அடிக்கடி சோதனை எதற்கு? நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்று கேட்கும் மூத்தோர்க்கு என் விடை ஒன்றுதான்: பெற்றவர்களே இருந்து பேசுகின்றீர்கள், பெறமாட்டாது போனவர்கள் பேச வருவதில்லை.

நிற்க. மஞ்சள் வில்லை வந்த பின் என் மகளுக்கு நேர்ந்த சோதனைகள் இவை. முதலில், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகச் செய்து இரத்தம் எடுத்தனர். வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரங் கழித்து 7.8 என்னும் அளவுகளுள் ஏதேனும் ஒன்றை எட்டினாலும் அது கருக்கால நீரிழிவு என்பது இந்நாட்டு மருத்துவர் வகுத்த முறை. பின்னர், வீட்டிலேயே விரல்நுனியைக் குத்தி, உண்பதற்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவைக் குறித்துவரப் பணித்தனர். குறித்த வாரங்களில் குழந்தையின் வளர்ச்சியும், அதனைச் சூழ்ந்த நீரின் அளவும் ஒலியலைக் கருவியால் பார்க்கப்பட்டன. காலை ஒன்பது மணி முதல் குழந்தையின் அசைவுகளை எண்ணி, பன்னிரண்டு மணி நேரத்துள் பத்து அசைவு காணாவிடில் உடனே வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தனர்.

இவற்றுக்கெல்லாம் காரணம் என்ன? கருக்காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் சில பொருள்கள், தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. தாயின் இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையோ தன் இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, அச்சர்க்கரையைக் கொழுப்பாக்கி, தோளும் வயிறும் பருத்து வளர்கின்றது. அத்தகைய பிள்ளை பிறக்கும்போது தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளலாம். பிறந்த பின் அதன் இரத்தத்தில் சர்க்கரை சடுதியில் இறங்கலாம். இந்நாட்டு இந்தியப் பெண்களிடையே இந்நோய் மிகுதி. வளைகாப்பிற்குச் சர்க்கரைப் பொங்கலும் புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் தட்டுத் தட்டாக வந்தன. என் மகள் ஒவ்வொன்றிலும் ஒரு கவளம் உண்டு, எழுந்துபோய் விரலைக் குத்திக்கொண்டாள். காரணம் தெரிந்தவள் ஆதலின் அவளுக்கு அது வருத்தமாக இல்லை. சம்பந்தி அம்மாளுக்கே வருத்தம்.

இனி, பெரிய கேள்விக்கு வருவோம். பிள்ளை எவ்வழியே பிறப்பது?

அதற்கு முன்னர் 2016இல் நிகழ்ந்ததைக் கூற வேண்டும். தலைப்பிள்ளைக்கு வலி கண்டு வேறோர் ஊரிலுள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் அவளைச் சேர்த்தோம். இரவு இரண்டு மணிக்கு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினர். அரை மணியில் ஆண்குழந்தை பிறந்தது. குழந்தை நலம், தாயும் நலம்; அதற்கு நாங்கள் நன்றியுடையோம். ஆனால் ஏன் அறுத்தனர் என்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அவசரம்" என்பதே விடை. சொல்லப்படாத காரணத்தை உறவினர் தாமே கற்பித்துக்கொண்டனர். "இடுப்புச் சிறுத்தவள்" என்றார் ஒருவர். "வலி பொறுக்கமாட்டாதவள்" என்றார் மற்றொருவர். மூன்றாண்டுக் காலம் என் மகள் தன் உடம்பிலே ஏதோ குறை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

2019இல் நாங்கள் கண்ட நிபுணர் ஒரு மலாய் அம்மையார். அவர் முதலிற் செய்த காரியம், பழைய ஆஸ்பத்திரியின் குறிப்பை வரவழைத்துப் படித்ததுதான். படித்துவிட்டுச் சொன்னார்: "அப்போது உன் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல், புட்டம் கீழாக இருந்திருக்கிறது. வலி கண்டு வந்த பிறகே அது தெரிந்திருக்கிறது. உன் இடுப்பைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை." என் மகள் மறுமொழி கூறவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு வாக்கியம், சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. அதனைச் சொல்லுவார் இல்லாமல் மூன்றாண்டு கழிந்திருந்தது.

பின்னர் அவ்வம்மையார் வழிகளை விரித்துரைத்தார். "ஒருமுறை அறுத்தால் எப்போதும் அறுவையே" என்னும் கருத்து, 1916இல் நியூயார்க்கில் எட்வின் கிரேகின் என்னும் வைத்தியர் கூறியது. அந்நாளில் கருப்பையை நெடுக்கு வாட்டில் அறுத்தனர். அத்தழும்பு அடுத்த வலியில் பிளந்துகொள்ளும் அபாயம் பெரிது. பிற்காலத்தில் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வாட்டில் அறுக்கும் முறை பரவிற்று, அத்தழும்பு உறுதியானது. இத்தகையவர் இயல்பான பேற்றுக்கு முயன்றால், நால்வரில் ஏறத்தாழ மூவர்க்கு அது கைகூடுகின்றது. தழும்பு பிளத்தல் இருநூற்றில் ஒருவர்க்கு நேரலாம். அரிதே ஆயினும், நேர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. ஆகவே அம்முயற்சியை உடனே அறுவை செய்யக்கூடிய ஆஸ்பத்திரியில், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கருவியால் இடைவிடாது கவனித்துக்கொண்டே செய்தல் வேண்டும். மறு அறுவையோ நாள் குறித்துச் செய்யத்தக்கது. தழும்பு பிளக்கும் அச்சம் மிகக் குறைவு. ஆயினும் ஒவ்வோர் அறுவைக்கும் பின், அடுத்த கருவில் நஞ்சுக்கொடி பழந்தழும்பில் வேரோடிக்கொள்ளும் தொல்லை கூடிக்கொண்டே போகும்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் முடிவு எளிது. ஆனால் என் மகளுக்கு இரண்டு அபாயங்கள் இருந்தன. அவை எதிரெதிர்த் திசையில் இழுத்தன. இன்சுலின் போடும் தாயை 38ஆம் வாரத்துக்கு மேல் காத்திருக்க விடுதல் கூடாது என்றது நீரிழிவு. மருந்திட்டு வலியை வரவழைத்தல் கூடாது, பிளவின் அபாயம் இரண்டு மூன்று மடங்காகும் என்றது தழும்பு. "காத்திரு" என்றும் "காத்திராதே" என்றும் ஒரே உடம்பு இரு குரலில் பேசியது. அம்மையார் இதனை ஒளிக்காமல் கூறிவிட்டு, "இரண்டு வழியும் நேர்மையான வழியே. நீ எதை விரும்புகிறாய்?" என்று கேட்டார். கேட்டது மாப்பிள்ளையையும் அன்று, என்னையும் அன்று.

என் மகள் ஒரு வாரம் தவணை கேட்டாள். திரும்பிச் சென்று சொன்னாள்: "38 வாரமும் ஆறு நாளும் ஆகும்வரை வலி தானே வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் முயல்கிறேன். வராவிட்டால் மருந்திட வேண்டா, அறுத்துவிடுங்கள். முயலும்போது பிள்ளைக்கு ஏதேனும் ஆகுமென்றால் எனக்குச் சொல்லுங்கள்; நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன்." அம்மையார் அதனை அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டார்.

இதற்கிடையில் வீட்டில் மற்றொரு போராட்டம். சம்பந்தி அம்மாள் சோதிடரிடம் சென்று, பிள்ளை பிறக்க உத்தமமான நட்சத்திரமும் லக்கினமும் குறித்து வந்துவிட்டார். அந்நாள் 36 வாரம் நிறைந்த மறுநாள். "எப்படியும் அறுக்கத்தானே போகிறார்கள், நல்ல நேரத்தில் அறுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்றார். அவர் அன்பினாற் சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளையின் நுரையீரல் பஞ்சாங்கம் பார்த்து முதிர்வதில்லை. வலி காணுமுன், வாரம் நிறையாது அறுத்தெடுக்கப்பட்ட குழந்தை மூச்சுக்குத் திணறுவது மிகுதி. தாய்க்கு நீரிழிவு இருப்பின் அந்நுரையீரல் முதிரப் பின்னும் தாமதமாகும். தக்க காரணமிருந்தால் வைத்தியர் முன்கூட்டியே எடுப்பர். அக்காரணம் தாயின் உடம்பிலோ பிள்ளையின் உடம்பிலோ இருத்தல் வேண்டும். இதனை மாப்பிள்ளையே தம் தாயாரிடம் எடுத்துச் சொன்னார். "அம்மா, நல்ல நேரத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதைவிட, மூச்சு நன்றாய் விட்டுக்கொண்டு இராகுகாலத்தில் பிறக்கட்டும்" என்றார். ஓர் ஆண்மகன் இவ்வாறு பேசியது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. வீட்டுக்கு வீடு இவ்வாறு ஒருவர் பேசினால் போதும்.

பெண்ணுக்கு அபாயத்தை விளக்கிச் சொல்லுதல் வைத்தியரின் பெருந்தன்மையைப் பொறுத்ததன்று. அது கடமை என்று நீதிமன்றங்களும் கூறிவிட்டன. ஸ்காத்லாந்தில் நதீன் மான்ட்கோமரி என்னும் பெண்மணி நீரிழிவுடையவர், உருவத்திற் சிறியவர். பிள்ளை பெரிதாயிருக்குமே என்று கவலை தெரிவித்தார். நீரிழிவுத் தாய்மார்க்குத் தோள் சிக்குதல் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேர்க்கு நேரலாம் என்பது வைத்தியருக்குத் தெரியும். சொன்னால் அறுவையைக் கேட்பார் என்று எண்ணி அவர் சொல்லவில்லை. 1999இல் பிறந்த பிள்ளை தோள் சிக்கிப் பன்னிரண்டு நிமிடம் தவித்தது. மூச்சின்மையால் மூளை கெட்டு வாழ்நாள் முழுதும் ஊனமுற்றது. 2015இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், அப்பெண்ணின் நிலையிலுள்ளவர் அறிய விரும்பத்தக்க அபாயத்தையும் மாற்று வழிகளையும் சொல்வது வைத்தியர் கடமை என்று தீர்ப்பளித்தது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும், 2007ஆம் ஆண்டுச் சட்ட ஏடுகளில் இடம்பெற்ற ஃபூ ஃபியோ நா வழக்கில், பிள்ளைப்பேற்றைச் சாராத ஓர் அறுவையைப் பற்றியே ஆயினும், அபாயத்தை அறிவிக்கும் கடமையை வலியுறுத்தியது. அந்த ஸ்காத்லாந்துப் பெண்மணி அறிந்திருந்தால் அறுவையை நாடியிருப்பார். என் மகள் அறிந்து இயல்பான பேற்றை நாடினாள். இருவர்க்கும் உரியது ஒரே உரிமை.

38 வாரமும் மூன்று நாளும் ஆன அன்று நள்ளிரவில் வலி தானே வந்தது. மாப்பிள்ளை உடனிருந்தார். வயிற்றிற் கட்டிய பட்டை வழியே பிள்ளையின் இதயத் துடிப்பு தாளிற் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரம் நன்றாகவே சென்றது. கருப்பையின் வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்தது. அதன்பின் ஒவ்வொரு வலி ஓயும்போதும் துடிப்பு இறங்கி, மீண்டும் ஏறத் தாமதித்தது. அம்மையார் வந்தார், தாளை என் மகளிடமே காட்டினார். "இன்னும் சற்றுப் பார்க்கலாம், ஆனால் என் கருத்து இப்போதே அறுப்பது" என்றார். என் மகள் இரண்டு கேள்வி கேட்டாள், விடை கேட்டாள், கையெழுத்திட்டாள். நாற்பது நிமிடத்தில் பெண்குழந்தை பிறந்தது. எடை 3.2 கிலோ. குதிகாலிற் குத்திச் சர்க்கரை பார்த்தனர், சற்றுக் குறைவாயிருந்தது, தாய்ப்பால் கொடுத்ததும் சரியாயிற்று.

முடிவு இரண்டு முறையும் ஒன்றுதான்: அதே அறுவை, அதே தழும்பு. ஆயினும் முதன்முறை என் மகள் பேச்சற்றுப் போனாள். இரண்டாம் முறை மூன்றாம் நாளே, பார்க்க வந்தவர்களிடம், எந்த மணிக்கு என்ன நடந்தது என்று தானே கதை சொன்னாள். "இயல்பாகப் பெற முடியாமற் போயிற்றே" என்று ஓர் அம்மாள் இரங்கினார். "முடிந்த அளவு முயன்றேன், பெரியம்மா. நிறுத்தச் சொன்னதும் நான்தான்" என்றாள்.

ஆகலின் இதனைப் படிக்கும் பெண்மக்களுக்கு நான் கூறுவது இது. ஏட்டில் எந்த நிற வில்லை ஏறினாலும் அஞ்சி ஒளியாதீர்கள். குறித்த நாளில் செல்லுங்கள். தலைநோவு, கண் மங்கல், மேல்வயிற்று வலி, இரத்தப் போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நாளைக்கென்று தள்ளாதீர்கள். ஒவ்வொரு சோதனைக்கும், "இஃது எதற்கு? வேறு வழி உண்டா? ஒன்றும் செய்யாவிடில் என்னாகும்?" என்று கேளுங்கள். முன்பு அறுவை நடந்திருந்தால் அதன் காரணத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருக்காலத்தில் இனிப்பு நீர் கண்டவர்கள், பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதனைத் தொடருங்கள். அந்நோய் பிற்காலத்தில் நிலையாக வந்து தங்கும் இயல்புடையது.

ஆடவர்க்கும் ஒன்று கூறுவேன். காரை நிறுத்திவிட்டு வெளியே நிற்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. உள்ளே சென்று உடன் அமருங்கள். டாக்டர் கூறுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். முடிவு கூறவேண்டிய வேளையில் மட்டும் வாயை மூடிக்கொண்டு, உங்கள் மனைவியின் முகத்தைப் பாருங்கள். விடை அங்கிருந்து வரட்டும்.